சைட்டில் இரண்டாவது பெண்

கேள்வி:

சிவில் முடித்து மூன்று வருஷம் ஆகிறது. கோவையில் ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். எண்பது பேர் வேலை செய்கிற இடம். இன்ஜினியர்களில் பெண் நான் ஒருத்திதான். சித்தாள்கள் பதினாறு பேர் இருக்கிறார்கள். பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. போன சனிக்கிழமை ஓர் அக்கா என்னிடம் வந்து, கூலி கொடுக்கும்போது மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான் என்று அழுதார். மேனேஜரிடம் சொன்னேன். “நீ வந்தது காங்கிரீட் பார்க்க, லேடீஸ் சங்கம் நடத்த இல்லை” என்றார். ஹெட் ஆபீஸில் இருக்கும் சீனியர் மேடத்துக்குப் போன் செய்தேன். “நாங்களெல்லாம் இதைவிட மோசமாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். முதலில் வேலையைக் கற்றுக்கொள்” என்று வைத்துவிட்டார். பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்று அம்மா சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்? மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஆபீஸ் கன்டெய்னரில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

பெயர் வேண்டாம், கோவை.

பதில்:

அம்மா சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அந்த சீனியர் மேடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அந்த மேடமாக இருந்தவள்தான்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். என் கீழே வேலை பார்த்த பெண் ஒருத்தி நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தாள். “ஐந்தாவது மாடிக்குச் சாரத்தில் ஏற முடியவில்லை மேடம், பிரசவம் வரைக்கும் பில் வேலை கொடுங்களேன்” என்று கேட்டாள். “நான் ஏழாம் மாசம் வரைக்கும் ஏறினேன்” என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் எந்த சைட்டிலும் அவளைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. ஏழாம் மாசம் வரைக்கும் நான் ஏறியது நிஜம். ஆனால் தைரியத்தில் ஏறவில்லை, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஏறினேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் சீனியரும் ஏதோ ஒரு பயத்தை அனுபவம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கலாம். அதற்காக அவரை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் வேறு மாதிரி போங்கள் என்றுதான் சொல்கிறேன். மனக்குறையாகப் போனால் அறிவுரைதான் கிடைக்கும். ஒரு காகிதத்தோடு போங்கள். எந்தக் காகிதம் என்று பின்னால் வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் லலிதா என்ற பெண் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். 18 வயதிலேயே கணவரை இழந்தவர், வீட்டில் சின்னக் குழந்தை. அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் சாக்கோவிடம் பேசி இடம் கிடைத்தது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. அத்தனை பையன்கள் படிக்கிற இடத்தில், விடுதியில் ஒரே பெண்ணாக அவர் இருந்தார். அது சரிவராது என்று பட்டதால், பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் கொடுக்கப்பட்டது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என்று இரண்டு பேர் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். மூன்று பேரும் படித்து முடித்தார்கள். பட்டச் சான்றிதழில் ‘ஹீ’ என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு ‘ஷீ’ என்று எழுதிக் கொடுத்தார்களாம். அந்த த்ரேசியாதான் 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதாவின் தனிமைக்கு யாரும் ஆறுதல் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை, பாருங்கள். இரண்டாவது பெண்ணைத் தேடிக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு நான் சொல்லப்போகும் எல்லாமே இதுதான். எதையும் ஒருத்தியாகச் செய்யாதீர்கள். இன்ஜினியர்களில் பெண் நான் ஒருத்திதான் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பதினாறு பேர் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எண்ணினது இன்ஜினியர்களை மட்டும். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஓர் அக்கா திருத்துகிற வரைக்கும்.

1992. வேளச்சேரிப் பக்கம் என் முதல் சைட். சுற்றிலும் வெட்டவெளி. காலை எட்டு மணிக்குப் போனால் வீடு திரும்புகிற வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் அதையே செய்துகொண்டிருப்பீர்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கிற ஒரு சித்தாள் வந்து, “வா பாப்பா” என்று செங்கல் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போனார். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். சிமெண்ட் படிந்து விறைத்துப்போன முந்தானை, காற்றில் அசையக்கூட இல்லை. “அவசரமில்ல, இரு” என்றார். ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அவராகவே பார்த்திருக்கிறார்.

அதே அக்கா ஒரு நாள் ரூஃப் காங்கிரீட் போடும்போது, சும்மாடுக்கு மேலே சட்டியோடு என்னைத் தாண்டிப் போனவர் நின்று, “இன்னைக்குக் கலவை கழுத்துல வடியுது பாப்பா” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. மிக்சர் ஓட்டுகிறவன், கொட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கலவை சட்டி விளிம்பைத் தாண்டி அவர் பிடரியில் இறங்கி, தோல் வெந்து சிவந்திருந்தது. சிமெண்ட் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று தெரியுமல்லவா? ஓடிப்போய், கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டுகிற ஸ்லம்ப் கோனை வைத்துப் பார்த்தேன். கோனைத் தூக்கினதும் கலவை அப்படியே பரந்து உட்கார்ந்துவிட்டது. மிக்சரை நிறுத்தினேன். காங்கிரீட்டின் பலத்தைச் சொல்கிற கியூப் டெஸ்ட் முடிவு வர 28 நாள் ஆகும். அந்த அக்கா கழுத்து அன்றைக்கே சொல்லிவிட்டது. மேனேஜர் என்னைப் பாராட்டினார். யார் சொன்னது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கடன் இன்னும் இருக்கிறது.

சரி, உங்கள் சைட்டுக்கு வருவோம்.

முதல் வேலை கழிப்பறை. அதை ‘பெண்கள் பிரச்சினை’ என்று மேனேஜரிடம் கொண்டுபோகாதீர்கள், கொண்டுபோனால் சங்கம்தான் ஞாபகத்துக்கு வரும். சைட் லே-அவுட் படத்தில் சிமெண்ட் குடோன், ஸ்டோர், கம்பி யார்டு எல்லாம் எங்கே என்று குறித்திருக்கும். அதில் ஒரு கட்டம் சேர்த்து வரைந்து, அளவு போட்டு, தேவையான பிளாக், ஷீட், கதவு, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் எஸ்டிமேட்டாக எழுதி மெயில் அனுப்புங்கள். இன்ஜினியர் பாஷையில் கேட்டால் இன்ஜினியர் பாஷையில்தான் பதில் சொல்லியாக வேண்டும். கட்டுமான இடத்தில் கழிப்பறை வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அது இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது, ஆனால் கடமை போகவில்லை, பெண்களுக்குத் தனியாக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மெயிலில் அதை ஒரு வரி போடுங்கள், போதும்.

எங்கே வைப்பது என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நான் ஒரு முறை கம்பி யார்டுக்குப் பக்கத்தில் கட்டவைத்தேன், பைப் லைன் அங்கேதான் கிட்டே இருந்தது. பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது. கம்பி வளைக்கிற பையன்கள் பத்துப் பேர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தாண்டி எந்தப் பெண் போவாள்? இந்த ஒரு கேள்வியைச் சித்தாள்களிடம் கேட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும். மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒன்றும், ஒரு பல்பும் வேண்டும்.

அடுத்தது மேஸ்திரி விஷயம். இதில் அவசரப்படாதீர்கள், ஆனால் ஆறப்போடவும் வேண்டாம்.

அந்த அக்காவுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் மாதச் சம்பளக்காரர். அவருக்கு நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பதை அந்த மேஸ்திரிதான் சொல்கிறான். பல சைட்டுகளில் புருஷன் கொத்தனார், பெண்டாட்டி சித்தாள் என்று ஜோடியாக ஒரே மேஸ்திரியிடம் இருப்பார்கள். விஷயம் புருஷன் காதுக்குப் போனால் வீட்டில் வேறு கச்சேரி நடக்கும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் நாம் வீரமாகக் கிளம்பினால், திங்கட்கிழமை அந்த அக்கா வேலைக்கு வர மாட்டார். நமக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி மட்டும் மிஞ்சும்.

ஆனால் அவர் புகார் கொடுக்கத் தயார் என்றால் சட்டம் அவர் பக்கம்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தினக்கூலிக்கும் பொருந்தும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பொருந்தும். “அவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்” என்று கம்பெனி கைகழுவ முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவர் என்றால் எழுத உதவ வேண்டியது குழுவின் பொறுப்பு. கம்பெனியில் குழுவே இல்லை என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

இப்போது அந்தக் காகிதம். உள்ளகக் குழுவுக்குத் தலைவராக நிறுவனத்தின் மூத்த பெண் ஊழியர் ஒருவர்தான் இருக்க முடியும். உங்கள் கம்பெனியில் அந்த அளவு மூத்த பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப்போகிறார்கள்? நோட்டீஸ் போர்டைப் போய்ப் பாருங்கள். அநேகமாக உங்கள் மேடம் பெயர்தான் இருக்கும், அது அவருக்கே மறந்துபோயிருக்கலாம். “மேடம், நம் குழு உறுப்பினர்களின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி சைட்டில் ஒட்ட வேண்டும், பட்டியல் அனுப்புங்கள்” என்று ஒரு மெயில் போடுங்கள். அழுது நின்றபோது அறிவுரை சொன்னவர், தன் பெயர் இருக்கிற காகிதத்துக்கு வேறு மாதிரி பதில் சொல்வார். நான் அப்படித்தான் சொன்னேன். எனக்கும் ஒரு சின்னப் பெண் அந்தக் காகிதத்தை அனுப்பினாள்.

இந்தி எதற்கு என்று கேட்பீர்கள். கோவையில் ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்கள் இல்லாத சைட் இன்றைக்கு எங்கே இருக்கிறது? அந்தப் பதினாறு பேரில் எத்தனை பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இவர்கள் வந்துதான் நம் கூலி குறைந்தது என்று நம் பெண்கள் முறுக்கிக்கொண்டு இருப்பார்கள். அவர்கள் பாஷை தெரியாமல் ஒதுங்கி நிற்பார்கள். மேஸ்திரிக்கு இது ரொம்ப வசதி. குழந்தைகள்தான் பெரும்பாலும் இந்தச் சுவரை உடைக்கும். டெல்லியில் 1969-இல் மீரா மகாதேவன் என்பவர், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக நடந்த கட்டுமான வேலையில் சித்தாள்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கூடாரம் போட்டார். கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற மொபைல் கிரஷ் அமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால்தான் குழந்தைகள் காப்பறை கட்டாயம் என்று 1996 சட்டம் எழுதியது. பதினாறு பேர் இருக்கிற சைட்டில் குழந்தை சம்ப்பில் விழாது என்று யாராவது உறுதி கொடுத்தார்களா? தரைத்தளத்தில் முடிந்த ஒரு அறையைக் கேட்டு வாங்கி, பாரம் தூக்க முடியாத வயதில் இருக்கிற அக்கா ஒருவருக்கு அதே நாள் கூலியைக் கொடுத்து உட்காரவைக்கலாம். இதை மேனேஜரிடம் கேட்பது கழிப்பறையைவிடக் கஷ்டம். பாதுகாப்பு அதிகாரி வழியாகப் போங்கள்.

கூலி பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தோன்றியிருக்காது, அவ்வளவு பழகிப்போன விஷயம் அது. வருகையும் கூலியும் எழுதுகிற மஸ்டர் ரோலை ஒரு தடவை வேறு கண்ணால் பாருங்கள். அதே ஜல்லி, அதே சட்டி, அதே படிக்கட்டு. ஆண் ஹெல்பருக்கு ஒரு ரேட், சித்தாளுக்கு அதைவிடக் குறைந்த ரேட். ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஒரு மெயிலில் இது மாறாது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ரேட் ஏறுவதற்கு இன்னொரு வழி உண்டு, அது உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. கொத்தனார் பிடிக்கிற கரணை.

பதினெட்டு வயதில் ஹெல்பராக வருகிற பையன் நாலைந்து வருஷத்தில் கரணை பிடித்துவிடுவான், அப்புறம் கொத்தனார், அதிர்ஷ்டம் இருந்தால் மேஸ்திரி. அதே வயதில் சித்தாளாக வந்த பெண் முப்பது வருஷம் கழித்தும் சித்தாள்தான். தினமும் பார்க்கிற வேலை அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? கொத்தனார் டீ குடிக்கப் போனபோது மட்டப்பலகையை இழுத்துப் பார்த்த சித்தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேரளாவில் ஏற்றுமானூரில் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தியில் கொத்தனார் ‘ராஜ் மிஸ்திரி’, இவர்களுக்கு ‘ராணி மிஸ்திரி’ என்று பெயர் வந்துவிட்டது. தமிழில் கொத்தனாருக்குப் பெண்பால் இதுவரை யாரும் தேடவில்லை.

பாத்ரூம் டைல்ஸ் பாயிண்டிங், ஸ்கர்டிங், உள் அறைப் பூச்சு, இப்படி அறைக்குள் நடக்கிற வேலையில் ஆரம்பியுங்கள். வெளிச் சாரத்தில் நிறுத்தினால் சைட் முழுக்க வேடிக்கை பார்க்கும். கற்றுக்கொடுக்க மனசு உள்ள ஒரு வயதான கொத்தனார் எந்த சைட்டிலும் இருப்பார், அவரைப் பிடியுங்கள். அவரிடம் விடும்போது இரண்டு பெண்களாக விடுங்கள். ஒருத்தியாக விட்டால் கேலியே அவளை ஒரு வாரத்தில் திரும்பச் சட்டி தூக்க வைத்துவிடும். இரண்டு பேர் என்றால் அந்தக் கேலிக்கு அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள். நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

நலவாரிய அட்டை யார் யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுவையுங்கள். சங்கங்கள் வருஷக்கணக்கில் போராடியதில் 1994-இல் தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளருக்குத் தனி வாரியம் வந்தது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். உங்கள் கட்டடத்தின் செலவில் 1 சதவீதம் செஸ் என்ற வரியாகத் தொழிலாளர் நலனுக்கென்று போகிறது. ‘வீட்டுக்காரருக்கு இருக்கிறது, அது போதும்’ என்று பாதிப் பெண்கள் சொல்வார்கள். போதாது. மகப்பேறு உதவியும் 60 வயதுக்கு மேல் ஓய்வூதியமும் அவரவர் பெயரில் பதிந்தால்தான். சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து இரண்டு இரண்டு பேராகப் பதிந்துகொடுங்கள். பட்டுவாடா நடக்கிற இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதால் மேஸ்திரியின் கையும் அன்றைக்கு ஒழுங்காக இருக்கும். அது புகாருக்கு மாற்று இல்லை, அந்த அக்கா யோசித்து முடிவெடுக்கிற வரைக்கும் ஒரு தடுப்பு, அவ்வளவுதான்.

கடைசியாக மத்தியானச் சாப்பாடு. கன்டெய்னரை விட்டு வெளியே வந்து, அவர்கள் உட்கார்கிற இடத்தில் போய் உட்காருங்கள். இரண்டு நாள் யாரும் சரியாகப் பேச மாட்டார்கள். மேடம் எதற்கு இங்கே வந்தது என்று பார்ப்பார்கள், பேசிக்கொண்டிருந்ததை நிறுத்துவார்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ ஒருத்தர் தூக்குச்சட்டியை நகர்த்தி, “கருவாட்டுக் குழம்பு, சாப்பிடுவீங்களா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியில் குழம்பைத் தவிர இன்னொரு கேள்வியும் இருக்கும், சொல்லாமலே உங்களுக்குப் புரியும். கருவாடு சாப்பிட மாட்டீர்கள் என்றால் அவர் சோற்றில் ஒரு கை வாங்கி உங்கள் தயிரை ஊற்றிச் சாப்பிடுங்கள்.